பாவசங்கீர்த்தனமும் ஒப்புரவும்

தமிழில் முதன்முதல் அச்சேறிய நூல் எது என்று வினவினால், 1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் வெளிவந்த ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் 16 பக்கச் சிறு நூலைச் சிலர் கூறுவர். மறு ஆண்டு கொச்சியில் வெளிவந்த ‘கிரீசித்தியானி வணக்க’த்தை அறிந்தோர் அவரினும் சிலரே. 1580-இல் அதே கொச்சியில் அச்சான மூன்றாம் நூலைக் குறித்து நம்மவர் பேச நாம் கேட்டதேயில்லை. ‘கொம்பெசியோனாயரு’ என்னும் அதன் பெயர் வாயில் நுழையாமை ஒரு காரணம் போலும்! செய்த பாவத்தை வெளியிட்டுச் சொல்லுதற்குரிய கைந்நூல் என்பது அப்போர்த்துக்கீசியச் சொல்லின் பொருள். தன் குற்றத்தைத் தானே ஆராய்ந்து வாய்விட்டுச் சொல்லும் முறையைச் சாதாரணத் தமிழனுக்குக் கற்பிக்க எழுந்த முதல் அச்சு நூல் இதுவாதலின், கிறிஸ்தவர்க்கு மட்டுமன்றித் தமிழ் உரைநடையிற் கருத்துள்ள எவர்க்கும் இஃது ஆராய்ச்சிக்குரிய பொருளாகும்.

நாம் இதனை எடுத்துக்கொண்டமைக்கு வேறொரு காரணமும் உண்டு. நாம் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிப் பிழைக்கிறோம். குடியிருப்பு பண்டமாரான். தவக்காலத்து மாலை யொன்றில் கிள்ளான் லூர்து மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்த நண்பர் ஒருவரை வழியிற் சந்தித்தோம். பாரம் இறங்கிற்றா என்று விளையாட்டாகக் கேட்டோம். அவர் சிரிக்கவில்லை. “உள்ள போயிச் சொல்றது லேசு, கிராணியாரே. யாருக்குத் தப்புப் பண்ணினேனோ, அவன் முகத்தப் பாத்துச் சொல்றதுக்குத்தான் வாய் வரல” என்றார். அன்று முதல் இவ்விஷயமாகக் கிடைத்தவற்றை யெல்லாம் வாசித்து வந்தோம். ஆதிக் கிறிஸ்தவர்கள் பாவத்தை யாரிடம் சொன்னார்கள்? நம் தமிழ் நூல்கள் அதனை எப்படி ஏற்றன? இவ்விரண்டையுமே இங்கே விசாரிக்கப் புகுந்தோம்.

கொம்பெசியோனாயருவை ஆக்கியவர் என்றிக்கே என்றிக்கஸ் என்னும் போர்த்துக்கீசியப் பாதிரியார். தமிழர் வழக்கில் அண்டிரிக் அடிகளார். 1520-இல் பிறந்து, 1546-இல் இந்தியா வந்து, முத்துக்குளித்துறைக் கரையில் ஏறக்குறைய ஐம்பது ஆண்டு உழைத்து, 1600-இல் மறைந்து தூத்துக்குடியில் அடக்கமானவர். யூத மரபினர் என்ற காரணத்தால் பிரான்சிஸ்கு சபையார் இவரை முன்னரே தம் மடத்தினின்றும் விலக்கியிருந்தனர். பிறப்பைக் குற்றமாக வைத்து விலக்கப்பட்ட இவர், மனிதன் செய்ததைப் பற்றி மட்டுமே வினவும் நூலொன்றை எழுதினார். ஜன்மப் பாவத்தை எவரும் சங்கீர்த்தனம் செய்ய வேண்டுவதில்லை. செய்த பாவத்தையே செய்தல் வேண்டும். இப்பொருத்தத்தை அவர் எண்ணினாரோ இல்லையோ, நாம் எண்ணாமல் இருத்தல் இயலவில்லை.

அக்கரையின் நிலைமையையும் அறிதல் வேண்டும். 1535-க்கும் 1537-க்கும் இடையில் பரவர் பல்லாயிரவர் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடி ஞானஸ்நானம் பெற்றனர். 1542-இல் சவேரியார் அங்கு வந்தபோது, தமிழும் போர்த்துக்கீசியமும் அறிந்த சிலரைக் கூட்டி வைத்துக்கொண்டு ஜெபங்களையும் கட்டளைகளையும் பொதுப் பாவசங்கீர்த்தனத்தையும் தமிழாக்கி, மக்களுக்கு மனப்பாடம் செய்வித்தார். 1545-இல் நமக்கு அண்மையிலுள்ள மலாக்காவிற்கு வந்தபோதும் அவற்றையே மலாய் மொழியில் ஆக்கினார். பொதுச் சங்கீர்த்தனமாவது, மனம், வாக்கு, செயல் மூன்றாலும் பிழைத்தவன் என்று எல்லாரும் ஒரே வாயாகச் சொல்வது. அதனைச் சொல்ல எவனுக்கும் நாணம் வாராது. ஊரே பாவி யென்றால் நானும் பாவி, அவ்வளவுதான். தனித்தனியே குற்றம் கேட்பதாயின் பாதிரியார்க்கு மொழி தெரிய வேண்டும். இன்றேல் துபாஷி ஒருவன் நடுவே நிற்பான். துபாஷியின் காதில் விழாமல் எந்தப் பாவத்தைச் சொல்வது? அண்டிரிக் அடிகளார் தமிழை வருந்திக் கற்றதன் பயன் இங்கே விளங்கும்.

நூலின் நடையைப் பற்றிச் சிறிது கூறுவோம். அக்காலத்து அச்செழுத்தில் புள்ளியில்லை. மெய் எது, உயிர்மெய் எது என்பதை வாசிப்பவனே ஊகித்தறிதல் வேண்டும். எகர ஏகார வேறுபாடும் இல்லை. போர்த்துக்கீசியச் சொற்கள் ஒலி சிதைந்தபடியே புகுந்து கிடக்கின்றன. பண்டிதர் ஒருவர் கையிற் கிடைத்தால் முதற் பக்கத்திலேயே மூடி வைத்திருப்பார். ஆயினும் இந்நடை புலவரை நோக்கி எழுதப்பட்டதன்று. கடற்கரையில் வலையும் முத்துச்சிப்பியும் கையாள்பவர் பேசிய தமிழை ஒட்டி எழுதப்பட்டது. செய்யுளும் செய்யுளுக்கு உரையுமே இலக்கியம் என்றிருந்த ஒரு காலத்தில், ஒரு சாமானியனை முன்னால் உட்காரவைத்து நேருக்கு நேர் பேசும் உரைநடை அச்சில் ஏறியது சிறிய காரியமன்று. இதனை நம் இலக்கிய வரலாறு எழுதுவோர் ‘கிறிஸ்தவர் தொண்டு’ என்னும் தலைப்பின் கீழ் ஒரு வரியில் முடித்துவிடுவது நேர்மையாகத் தோன்றவில்லை.

குறையும் உண்டு. பத்துக் கட்டளைகளின் வரிசையில் வினாக்களை அடுக்கிச் செல்வது அக்காலத்துச் சங்கீர்த்தன நூல்களின் மரபு. 1551-இல் திரெந்து நகரத்துப் பொதுச் சங்கம், கனமான பாவங்களை வகையும் எண்ணிக்கையும் குறித்துச் சொல்லுதல் வேண்டும் என்று விதித்திருந்தது. வகை, எண்ணிக்கை! எமது செக்ரோலில் உள்ள பத்திகளும் இவையே. எந்த வேலை, எத்தனை நாள், எத்தனை மூட்டை. கணக்குப் புத்தகத்தின் தன்மையை நாம் அறிவோம். பத்தியில் அடங்குவது மட்டுமே அதற்குக் கண்ணுக்குத் தெரியும். பத்தி நிரம்பிவிட்டால் எழுதுபவன் மனம் நிம்மதி யடைந்துவிடும். கூட்டல் சரியாயிருந்தால் கணக்கும் சரி. ஆள் வயிறு நிறைந்ததா என்பது அதில் எழுதப்படுவதில்லை. சங்கீர்த்தன நூலுக்கும் இவ்வபாயம் உண்டு. பாவம் என்பது ஒருவன் மற்றொருவனுக்குச் செய்த தீங்கு என்பது மறைந்து, ஒருவன் பெயரில் ஏறிய பற்று என்னும் எண்ணமே மிஞ்சும்.

ஆதிச் சபையார் இவ்வாறு கருதவில்லை. ‘டிடாக்கே’ என்றொரு சிறு கிரேக்க நூல் உண்டு. பன்னிரு அப்போஸ்தலரின் போதனை என்று அதனைக் கூறுவர். நெடுங்காலம் மறைந்து கிடந்த அதன் ஏட்டை 1873-இல் பிரையெனியோஸ் என்னும் கிரேக்க மேற்றிராணியார் கான்ஸ்டாண்டினோப்பிளில் கண்டெடுத்து, 1883-இல் வெளியிட்டார். அப்பம் பிட்குமுன் சபையார் நடுவில் தம் குற்றங்களை வெளியிட வேண்டும் என்று அது கூறுகிறது. அடுத்துக் கூறுவதுதான் முக்கியம்: தோழனோடு மனத்தாங்கல் உடையவன், அவனோடு சமாதானம் ஆகும்வரை அக்கூட்டத்தில் சேரலாகாது. யாக்கோபின் நிருபமும் ஒருவர்க்கொருவர் குற்றத்தை அறிக்கையிடுக என்றே கூறுகிறது. மூன்று நாள் தங்கும் போதகனும், தனக்குப் பணம் கேட்கும் போதகனும் பொய்யர் என்று டிடாக்கே சொல்வதையும் இங்கே குறிக்காமல் விட மனம் வரவில்லை. சமயபேதமின்றி நம் நாட்டிற்கு ஆண்டுதோறும் விமானத்தில் வந்திறங்கும் உபதேசிகள் அதனை வாசிப்பது நலம்.

பின்னர் முறை கடுமையாயிற்று. ஞானஸ்நானத்திற்குப் பிறகு ஒரே ஒரு முறைதான் மனந்திரும்ப இடமுண்டு என்பது ரோமாபுரியில் இரண்டாம் நூற்றாண்டில் எழுந்த ‘ஹெர்மாசின் மேய்ப்பன்’ கூறும் உபதேசம். கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன், குற்றவாளி சாக்குடுத்திச் சாம்பலிற் கிடந்து, குருக்கள் முன்னும் சகோதரர் முன்னும் மண்டியிட்டு அழ வேண்டியதை வருணிக்கிறான். அவ்வூர் மேற்றிராணியாராகிய சிப்பிரியானுக்கோ வேறொரு தொல்லை வந்தது. 250-ஆம் ஆண்டு தேசியுஸ் சக்கரவர்த்தி, எல்லாரும் தேவர்களுக்குப் பலியிட்டு அதற்கு அத்தாட்சிச் சீட்டுப் பெறுதல் வேண்டும் என்று ஆணையிட்டான். பலியிடாமலே உத்தியோகஸ்தருக்குக் கைக்கூலி கொடுத்துச் சீட்டு மட்டும் வாங்கியோர் பலர். இவர் பாவம் செய்தவரா, அல்லரா? கையால் செய்யவில்லை, காகிதத்தால் செய்தார். சிப்பிரியான் அவர்களையும் குற்றமற்றவர் என்று விட்டுவிடவில்லை. காகிதத்தோடு பிழைக்கும் எம்போல்வார் இதனைப் படித்தபோது சிறிது நெளிந்தோம் என்பதை மறைப்பானேன்?

கடுமை மிகுந்தால் மக்கள் தள்ளிப்போடுவர். சாகுந் தருணத்திற்கென்று பாவத்தைச் சேமித்து வைத்தனர். சில இடங்களில் குற்றங்களை எழுதி வாங்கிச் சபையில் உரக்க வாசிக்கும் வழக்கமும் ஏற்பட, 459-இல் ரோமாபுரிப் போப்பு முதலாம் லெயோ அதனைத் தடுத்து, குருவிடம் இரகசியமாகச் சொல்லுதல் போதும் என்று எழுதினார். நல்ல காரியமே. ஒருவன் மானத்தைச் சந்தியில் ஏற்றுவதில் எவர்க்கு என்ன லாபம்? பின்னர் அயர்லாந்துத் துறவிகள், இன்ன பாவத்திற்கு இத்தனை நாள் ரொட்டியும் தண்ணீரும் என்று அட்டவணை வகுத்தனர். 1215-இல் லாத்தரன் சங்கம் ஆண்டிற்கு ஒரு தடவையேனும் சொல்லியே தீர வேண்டும் என்றது. இவ்வாறு நூற்றாண்டுதோறும் காதுகள் குறைந்தன: முதலில் சபை, பிறகு குருமார், கடைசியில் ஒரு குருவின் ஒரு காது. தீங்கு பட்டவன் எங்கே? அவன் எப்பொழுது அறையை விட்டு வெளியேறினான் என்பதை எவரும் கவனிக்கவில்லை.

முற்றிலும் வெளியேறவில்லை என்பதற்குச் சவேரியாரே சான்று. 1549-இல் ஓர்மூசு துறைமுகத்திற்குச் செல்லும் காஸ்பர் பார்சேயு பாதிரியாருக்கு அவர் எழுதிக் கொடுத்த அறிவுரையில் வியக்கத்தக்க ஓர் இடம் உண்டு. வர்த்தகரையும் உத்தியோகஸ்தரையும், ‘பிறர் பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுண்டா’ என்று பொதுவாகக் கேட்டால் பயனில்லை. இல்லை என்றே கூறுவர். வழக்கமாகிவிட்ட அநியாயம் அவர்க்கு அநியாயமாகவே தோன்றாது. ஆதலின் உன் வருமானம் எவ்வழியில் வருகிறது, எப்படி வாங்குகிறாய், எப்படி விற்கிறாய், யாருக்கு எவ்வளவு கொடுக்கிறாய் என்று ஒவ்வொன்றாக வினவுக என்பது அதன் கருத்து. பொருளைத் திருப்பாதவனுக்கு மன்னிப்புக் கூறுவதில் அவசரம் கூடாது என்றும் எச்சரிக்கிறார். இஃதன்றோ கேள்வி! எரிகோ ஊர் ஆயக்காரன் சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்புவேன் என்றவன், எம் தொழிலுக்கு அண்மையான தொழிலினன். அவன் சங்கீர்த்தனத்தில் அழுகையில்லை, தொகை உண்டு.

சங்கீர்த்தன இலக்கியத்தில் தலைமை பெற்றது அகுஸ்தீனின் ‘கொன்பெசியோனெஸ்’ என்பதில் ஐயமில்லை. 397-க்கும் 400-க்கும் இடையில், வட ஆபிரிக்காவில், லத்தீனில் எழுதப்பட்டது. நாம் ஆங்கிலப் பாடசாலையில் அதன் சில பகுதிகளை ஆங்கிலத்தில் படித்தோம், அன்று அது பாடம், இன்றுதான் நூல். 16-ஆம் வயதில் தோழர்களோடு கூடி அடுத்த தோட்டத்துப் பேரிக்காயைத் திருடிப் பன்றிகளுக்கு எறிந்த ஒரு சிறு செய்தியை எடுத்துக்கொண்டு, பசியில்லாமலே ஏன் திருடினேன் என்று பக்கம் பக்கமாகத் தன்னைத் தோண்டுகிறான். நம் பக்திப் புலவர்கள் தம்மை நாயினும் கடையராகக் கூறிக்கொள்வர், உள்ளம் உருகும், ஆனால் இன்ன நாளில் இன்னது செய்தேன் என்னும் செய்தி அரிதாகவே வரும். பொதுவாகத் தாழ்த்திக்கொள்வதற்கும் குறிப்பாக ஒப்புக்கொள்வதற்கும் உள்ள தூரத்தை அகுஸ்தீனிடம் காணலாம்.

ஆயினும் நமக்கு ஒரு குறை. ஏறக்குறைய 15 ஆண்டு அவனோடு வாழ்ந்து, அதெயோதாத்துஸ் என்னும் மகனையும் பெற்ற ஒரு பெண்ணை, வேறு விவாகத்திற்கு இடையூறு என்று ஆபிரிக்காவிற்கு அனுப்பிவிட்டனர். மகன் தந்தையிடம் தங்கினான். அவள் இனி வேறொருவரை அறியேன் என்று சபதஞ்செய்து போனாள். அகுஸ்தீன் தன் நெஞ்சு கிழிந்து இரத்தம் வடிந்ததை மிக அழகாக எழுதுகிறான். அவள் பெயரை எழுதவில்லை. பேரிக்காய்க்கு ஒரு பாகம் ஒதுக்கியவன் அவளுக்குச் சில வரிகளே ஒதுக்கினான். கடவுளிடம் சொன்னான், பதினாறு நூற்றாண்டு வாசகரிடம் சொன்னான், அவளிடம் என்ன சொன்னான்? இந்நூலைப் போற்றும் அறிஞர் பலர் இக்கேள்வியைக் கடந்து போவது பெண்ணை மதியாத பழைய வழக்கத்தின் எச்சமே என்பது நமது அபிப்பிராயம்.

காந்தியாரின் ‘சத்திய சோதனை’யை இதனோடு வைத்துப் பார்க்கலாம். தமையன் கடனைத் தீர்க்க அவனுடைய கைக்காப்பிலிருந்து சிறிது பொன்னை வெட்டியெடுத்த காந்தியார், அதனை ஒரு தாளில் எழுதி, நோயுற்றுக் கிடந்த தந்தையின் கையிலேயே கொடுத்தார், தண்டனையும் கேட்டார். தந்தை வாசித்துக் கண்ணீர் விட்டுத் தாளைக் கிழித்தார். இலக்கிய நயத்தில் அகுஸ்தீனுக்கு அது நிகராகாது. சொல்ல வேண்டிய ஆளிடம் சொன்னதில் அதற்கே முதலிடம்.

இனித் தமிழ்ச் சொற்களைக் கவனிப்போம். நூல்களைவிடச் சொற்களே உண்மையைப் புலப்படுத்துகின்றன. முதலில் போர்த்துக்கீசியச் சொல்லே நின்றது. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் வழியில் வடமொழி கலந்த கிறிஸ்தவ நடை ஒன்று வளர்ந்தது. ‘பாவசங்கீர்த்தனம்’ அந்நடைக்குரிய சொல். இதனைக் கேட்டு நகைப்பவர் உண்டு. சங்கீர்த்தனம் என்றால் பாடிப் புகழ்தலாயிற்றே, பாவத்தைப் புகழ்வதா என்பர். நாமும் முன்பு நகைத்தவரே. ஆனால் ‘கொன்பெசியோ’ என்னும் லத்தீன் சொல்லுக்கும் இரண்டு பொருள் உண்டு; பாவத்தை ஒப்புக்கொள்வது ஒன்று, கடவுளைப் புகழ்வது மற்றொன்று என்று அகுஸ்தீனே மக்களுக்கு விளக்கியிருக்கிறான். ஆகவே நகைக்கப்பட்ட தமிழ்ச் சொல் மூலத்தின் இரண்டு பொருளையும் சுமந்து நிற்கிறது. இத்தகைய பொருத்தம் மொழிபெயர்ப்பில் நூற்றில் ஒன்று கிடைப்பதும் அரிது.

1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு வழிவந்த புரொட்டஸ்டண்டுகள் ‘பாவ அறிக்கை’ என்றனர். பிரிக்பீல்ட்ஸ் சீயோன் லூத்தரன் ஆலயம் போன்ற இடங்களில் சபையார் ஒருங்கே கூறுவது அதுவே. ‘அறிக்கை’ தெளிவான சொல். சிறிது ஆபீசு வாசனையும் அடிக்கும்.

கத்தோலிக்கர் இப்பொழுது வழங்கும் சொல் ‘ஒப்புரவு அருட்சாதனம்’. 1973-இல் ரோமாபுரி இச்சடங்கின் முறையைத் திருத்தி, சபையோடும் சமாதானமாதலை வற்புறுத்தியது. அக்கருத்திற்கு வள்ளுவர் 22-ஆம் அதிகாரத்திற் பெயராக வைத்த சொல்லே கிடைத்தது. ஊருணி நிறைதலும், உள்ளூரில் மரம் பழுத்தலும் அங்கே உவமைகள். ஊர் முழுதிற்கும் உதவுதல் என்பது அவர் கருதிய பொருள். காணிக்கை வைக்குமுன் சகோதரனோடு ஒப்புரவாக வேண்டும் என்னும் இடத்தில், பழைய புரொட்டஸ்டண்டு வேதாகமமும் இச்சொல்லையே ஆண்டிருக்கிறது. சங்கீர்த்தனத்திற்குக் கேட்கும் காது ஒன்று போதும். ஒப்புரவுக்கு எதிரே ஓர் ஆள் வேண்டும். டிடாக்கே சொன்ன இடத்திற்கு ஏறக்குறைய 1900 ஆண்டு சுற்றி, ஒரு குறட்சொல்லின் வழியாகத் தமிழ்க் கிறிஸ்தவர் வந்து சேர்ந்திருக்கின்றனர்.

புனித வாழ்வைக் காட்ட அண்டிரிக் அடிகளார் 1586-இல் புன்னைக்காயலில் அச்சிட்ட ‘அடியார் வரலாறு’ 600 பக்கங்களுக்கு மேற்பட்டது. வத்திக்கான் நூலகத்தில் இருந்த அதனைத் தமிழுலகம் அறியச் செய்தவர் தனிநாயகம் அடிகள். 1967-இல் தூத்துக்குடியில் இராசமாணிக்கம் அடிகள் பதிப்பித்தார். கொம்பெசியோனாயருவின் பிரதியோ ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகத்தில் உள்ளது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் தனிநாயகம் அடிகள் பணியாற்றிய காலத்தில், புரோயென்சா பாதிரியாரின் 1679-ஆம் ஆண்டுத் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியை 1966-இல் கோலாலம்பூரிலேயே நிழற்பதிப்பாக வெளியிட்டார் என்பது நம் நாட்டார்க்குப் பெருமை. அடியார் வரலாற்றில் அற்புதங்கள் மிகுதி. அன்றாட வாழ்வு குறைவு. வீரமாமுனிவர் 1727-இல் உபதேசிமார்க்கென எழுதிய ‘வேதியர் ஒழுக்க’மே நடையாலும் பொருளாலும் நமக்கு மேலாகத் தோன்றுகிறது.

இதனை எழுதத் துணிந்த காரணத்தை மேலே கூறினோம், பாதியையே கூறினோம். சில ஆண்டுகளுக்கு முன், செம்பனை உதிரிப் பழம் பொறுக்கும் ஓர் அம்மாளுக்கு 37 மூட்டை என்று எழுத வேண்டிய இடத்தில் 27 என்று எழுதிவிட்டோம். சம்பளம் போட்ட மறுவாரம் கண்டுகொண்டோம். ஒருவரிடமும் சொல்லாமல், அடுத்த மாதக் கணக்கில் பத்து மூட்டையைச் சேர்த்துவிட்டோம். சம்பளம் வாங்கிய அன்று அவர் ஆபீசு வாசலுக்கு வந்து, “இந்த மாசம் பாத்துப் போட்டிருக்கீங்க போல, ஐயா. நீங்க நல்லா இருக்கணும்” என்று கும்பிட்டார். நாம் தலையை அசைத்தோம். தணிக்கைக்கு வந்தவரும் அப்பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போய்விட்டார்.

கத்தோலிக்கர் கணக்கிடும் வரிசையில் இஃது எக்கட்டளையிற் சேரும் என்று எண்ணிப் பார்த்தோம். ஏழாவதாகிய களவில் சேராது; பொருள் திரும்பிவிட்டது. எட்டாவதாகிய பொய்யிற் சேர்ப்பதாயின், நாம் வாயைத் திறக்கவேயில்லை. அவ்வம்மாள் சென்ற ஆண்டு வேலையை விட்டுப் பந்திங்கில் தம் மகன் வீட்டிற்குப் போய்விட்டார். மகன் இப்பத்திரிகையை வாரந்தோறும் வாங்குபவர் என்று அறிகிறோம். தாயாருக்கு அவர் இதனை வாசித்துக் காட்டுவாராக. அந்தப் பத்து மூட்டையும் அவர் பொறுக்கியவை.